தண்ணீர் மிச்சம், பாறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியில், ஷேல் என்னும் களிப்பாறைக்குள் அடைந்திருக்கும் எரிவாயுவைத் தண்ணீரே இல்லாமல் எடுக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய தண்ணீர்க் கவலை எனக்கும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே எங்கள் டொங்காட்டில் மாதக்கணக்காக லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்கள் நாங்கள். ஒரு எரிவாயுக் கிணற்றை ஃபிராக்கிங் செய்ய, அதாவது அழுத்தத்தோடு தண்ணீரை இறக்கிப் பாறையைப் பிளக்க, ஒரு கோடி லிட்டருக்கு மேல் வேண்டும் என்றால் வயிறு எரியாதா?

ஆனால் அவர் சொன்ன மாற்று வழிகளும் பாறையைப் பிளக்கத்தான் செய்கின்றன. உள்ளே செலுத்தும் சரக்குதான் வேறு. கனடாவில் ஒரு நிறுவனம் புரொப்பேனைக் கூழாக்கி இறக்கியது. தண்ணீர் மிச்சம், கழிவுநீரும் குறைவு. ஆனால் தீப்பற்றும் பொருளை டேங்கர் டேங்கராகக் கொண்டுவந்து அழுத்தம் ஏற்ற வேண்டும். அந்த நிறுவனமும் 2015ல் கடனில் விழுந்தது. தண்ணீருக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடை இறக்கும் யோசனை எனக்குப் பிடிக்கும்: ஷேல் அதை, நாம் எடுக்க வேண்டிய எரிவாயுவான மீத்தேனைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு மீத்தேனை விட்டுவிடும். சரி, அவ்வளவு கார்பன் டை ஆக்சைடைக் கரூவுக்குக் கொண்டுபோவது யார்? நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்யும் செகுண்டா ஆலையில் அது கொட்டிக்கிடக்கிறது, உண்மை. நடுவில் பல நூறு கிலோமீட்டர் இருக்கிறதே.

கரூவின் தனிச் சிக்கல் டாலரைட். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து ஏறிய பாறைக்குழம்பு, ஷேலை ஊடுருவிச் சுவர் சுவராக உறைந்து நிற்கிறது. அந்தச் சுவர்களை ஒட்டிய வெடிப்புகளில்தான் நிலத்தடி நீர் தேங்கும். பண்ணைக்காரர்கள் அங்கே பார்த்துத்தான் துளை போட்டுக் காற்றாடிப் பம்பை நிறுத்துகிறார்கள். கீழேயிருந்து வாயுவோ உப்புநீரோ ஏறிவர அதே வெடிப்புகள் வழிவிட்டால் என்ன செய்வது? புரொப்பேனால் பிளந்தாலும் தண்ணீரால் பிளந்தாலும் விரிசல் விரிசல்தான்.

பிளக்காமலே வாயு வரும் இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் வெர்ஜீனியா ஊர்ப் பக்கம், தங்கம் தேடிப் போட்ட பழைய துளைகளில் மீத்தேன் தானாக வந்தது, ஹீலியத்தோடு. 2022ல் அந்த மீத்தேனைத் திரவமாக்கத் தொடங்கினார்கள். டர்பனில் மரியன்ஹில் குப்பைமேட்டு வாயுவில் மின்சாரம் எடுத்ததும் நமக்குத் தெரிந்த கதை. அளவு சிறியது என்று அவர் சொல்வார். ஒப்புக்கொள்கிறேன். டாலரைட்டுக்கு என்ன பதில் என்று அவர் அடுத்த இதழில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டொங்காட்