காற்றுச் செடிகளோடு சென்னைக்கு வரும் தோழிக்கு

திருவான்மியூர்,
சென்னை.

அன்புள்ள கமலா,

தீபாவளிக்கு முன்பே மகன் வீட்டோடு வந்துவிடப் போகிறாய் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லூரி விடுதியில் பிரிந்த பிறகு நாம் இருவரும் ஒரே ஊரில் இருக்கப்போவது இப்போதுதான்.

மண்ணில்லாமலே வளரும் உன் காற்றுச் செடிகள் பதினொன்றும் இந்த ஊரைத் தாங்குமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொண்டு வா. ஆனால் மதுரையில் பழகிய கையை இங்கே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே செடி வாடிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டாய்; இங்கே ஈரம் காய வேண்டுமே என்று கவலைப்படுவாய். நீ வந்து சேர்வதும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில்.

சென்ற கார்த்திகையில் சீரோகிராஃபிகா என்ற என் காற்றுச் செடியைப் பறிகொடுத்தேன். தேங்காய் அளவு பருத்து, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இலைகளைச் சுருட்டிக்கொண்டு ஆறு ஆண்டுகள் என்னோடு இருந்த செடி. ஒரு நாள் மாலையில் ஊறவைத்து எடுத்து, நீர் வடியுமுன்பே கண்ணாடிக் கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டேன். அடுத்த நான்கு நாளும் அடைமழை, சன்னல்கள் சாத்தியே கிடந்தன. ஐந்தாம் நாள் நடு இலையைத் தொட்டபோது அது கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கறுத்துக் குழைந்திருந்தது. வெளி இலைகளோ அப்போதும் நன்றாகவே இருந்தன.

இவற்றுக்கு வேர் பற்றிக்கொள்வதற்குத்தான். நீரைக் குடிப்பவை இலைமேல் படர்ந்த நுண்செதில்கள். நனைத்தவுடன் வெள்ளி மறைந்து பச்சை தெரிகிறதே, அது செதில்கள் நீரை வாங்கிக்கொள்ளும் அடையாளம். பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் இயல்பு இவற்றுக்கு உண்டு; அந்நேரத்தில் இலைமேல் நீர்ப்படலம் நின்றால் மூச்சு அடைபடும். ஆகவே மாலையில் நனைப்பதை அடியோடு விட்டுவிடு.

இப்போது நான் வாரம் ஒரு முறை, வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு, செடிகளை இருபது முப்பது நிமிடம் நீரில் மூழ்க வைக்கிறேன். எடுத்து மெல்ல உதறி, காய்கறி கழுவும் துளைக்கூடையில் தலைகீழாகக் கவிழ்த்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். அடைமழைக் காலத்தில் இலை உட்புறமாகச் சுருண்டால் மட்டும் ஒரு முக்கு முக்கி எடுக்கிறேன். கத்திரி வெயிலில், அதுவும் ஏசி ஓடும் அறையில், வாரம் இரு முறை வேண்டியிருக்கும். வெளிச்சத்துக்குக் கிழக்குச் சன்னலே போதும். மொட்டைமாடி உச்சி வெயில் கருக்கிவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. போர் தண்ணீரின் உப்பு இலையில் வெள்ளையாகப் படியும்; ஆர்.ஓ. கழித்துவிடும் நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள். உன் வீட்டுச் செம்புக் குடத்து நீரை இவற்றுக்குக் காட்டவே காட்டாதே. அன்னாசி இனமான இந்தக் குடும்பத்துக்குச் செம்பு நஞ்சு. செம்புக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவதும் கூடாது.

உன் மாமியார் இவற்றைப் புல்லுருவி என்று ஒதுக்குவதாக எழுதியிருந்தாய். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். இது தொற்றி நிற்பதோடு சரி என்று அவரிடம் எடுத்துச் சொல்.

தை மாதம் அயனாந்தா என்ற என் இன்னொரு காற்றுச் செடி பூத்தது. உள் இலைகள் குங்குமமாய்ச் சிவந்து, நடுவிலிருந்து ஊதாக் குழல்கள் நீண்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே முறைதான் பூக்கும் என்றாலும் பக்கத்தில் இரண்டு கன்றுகள் விட்டிருக்கிறது. தாயில் பாதி அளவு வளர்ந்ததும் பிரித்து ஒன்றை உனக்குத் தருவேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நனைப்பதை நிறுத்திவிடு. நன்றாக உலர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் வை. பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடாதே. பெட்டியைச் சாமான் வண்டியில் ஏற்றாமல் உன் மடியிலேயே வைத்துக்கொண்டு வா.

உன் அன்புள்ள,
சாரதா