மாங்காய்ப்பால் கறையை எடுக்கக் கொடுத்த காரின் பானெட் பாழானது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கார் பராமரிப்பு நிலையம்,
சேலம் கிளை.

ஐயா,

வணக்கம். கடந்த மே 24-ஆம் தேதி காலை என் கருநீலக் காரை உங்கள் கிளையில் விட்டேன். பானெட்டிலும் கூரையிலும் தெறித்திருந்த மாங்காய்ப்பால் கறையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாலையில் வண்டியை எடுத்தபோது பானெட்டில் கறை இல்லை, கறை இருந்த இடத்தில் பளபளப்பும் இல்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து இடங்கள் வெளுத்துத் தெரிகின்றன.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கிளிமூக்கு மாமரம் நிற்கிறது. அந்த வாரம் ஊறுகாய்க்குக் காய் பறித்தோம். காம்பு ஒடிந்ததும் பீய்ச்சும் பால் காரின் மேல் விழுந்ததை அன்று கவனிக்கவில்லை. இரண்டு நாள் வெயிலில் பழுப்புப் பொட்டுகளாக இறுகிவிட்டது. கையில் பட்டாலே கொப்பளிக்க வைக்கும் பால் அது. நகத்தால் சுரண்டி நானே கெடுத்துவிடக் கூடாது என்றுதான் உங்களிடம் வந்தேன். 'மரப்பிசின் கறை நீக்கித் தரப்படும்' என்று உங்கள் வாசல் பலகையில் இருந்ததை நம்பி 1,800 ரூபாய் கட்டினேன். எந்த மருந்தானாலும் முதலில் ஓர் ஓரத்தில் போட்டுப் பாருங்கள் என்று முன்மேசையில் இருந்தவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.

வண்டியில் விட்ட வீட்டுச் சாவியை எடுக்க மதியம் வந்தபோதுதான் நடப்பதைப் பார்த்தேன். கார் நல்ல வெயிலில் நின்றது. பானெட் தொட முடியாத சூடு. உங்கள் ஊழியர் பனியன் வேஸ்ட்டைப் பெயின்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்துக் கறை மேல் ஊறப் போட்டு, அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். "தின்னர் வேண்டாம் தம்பி" என்றேன். "எப்பவும் இப்படித்தான் சார் பண்றோம்" என்றார். அப்புறம் மங்கிய இடங்களில் மெஷின் வைத்து, மேற்பூச்சைத் தேய்த்து மெருகேற்றும் ரப்பிங் போட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் வருத்தம்.

காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), நம் தலைமுடியின் கனம்கூட இருக்காது. வெயிலையும் மழையையும் தாங்குவது அந்தப் பூச்சுதான். தின்னரில் ஊறி மங்கியதை ரப்பிங் போட்டு மறைக்கப் பார்த்தால் மிச்சமிருப்பதும் தேயும். வெளியில் ஒரு பெயின்டரிடம் காட்டினேன். எல்லாப் பூச்சின் கனத்தையும் சேர்த்துக் காட்டும் அளவுக் கருவியில் பானெட்டின் நல்ல பகுதி 112 மைக்ரான், வெளுத்த இடம் 81. இனி பாலிஷ் தாங்காது, பானெட் முழுவதும் புதிதாக அடித்தால்தான் நிறம் ஒத்துப்போகும் என்று 6,500 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்.

போனில் கேட்டபோது, வெளுப்பு ஏற்கெனவே இருந்தது, கறைதான் பெயின்டைத் தின்றுவிட்டது என்றீர்கள். கூரையில் உங்கள் ஆள் தொடாமல் விட்ட இரண்டு சொட்டுகள் இருந்தன. அதே மரம், அதே நாள் விழுந்த பால். நிழலில் நிறுத்தி, வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தேன். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, அழுத்தாமல் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினேன். இரண்டும் போய்விட்டன, கூரை பளிச்சென்று இருக்கிறது. கறை தின்றிருந்தால் அங்கேயும் தழும்பு இருக்க வேண்டாமா?

மரத்தை வெட்டிவிடுங்கள் என்று நீங்கள் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். என் அப்பா வைத்த மரம் அது. கேட்கவே கஷ்டமாக இருந்தது.

கட்டிய 1,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பானெட்டை உங்கள் செலவில், நான் காட்டும் பெயின்டரிடம் அடித்துத் தர வேண்டும். அங்கே இனி வெயிலில் நிற்கும் வண்டியில் தின்னரைத் தொட மாட்டோம் என்பதையும் பதிலில் எழுதுங்கள். அடுத்து வருபவருக்காகக் கேட்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது நகல், வண்டியை விடும் முன்பும் எடுத்த பின்பும் பிடித்த படங்கள், பெயின்டரின் மதிப்பீடு மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சேலம்.