டிரைவர் அப்புறம் வாங்கலாம், அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மா தனியாக எழுதுவாள், இது முழுக்க கோல்ஃப்.

தூரம் அடிக்கிற அந்தப் பெரிய கிளப், புது டிரைவர் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ இந்த ஆட்டத்துக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்ல வரவில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன். டிரைவர் இப்போதைக்கு வேண்டாம்.

பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது என்கிறாய். கிளப்பை, அதாவது அடிக்கும் கோலை, மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பந்தைத் தொடும் நொடியில் கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறதோ, பந்து ஏறக்குறைய அங்கேதான் கிளம்பும். கிளப் வரும் பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால், போகப் போக வலதுக்குத் திரும்பும். இதைச் சமாளிக்க எல்லோரும் இன்னும் இடப்பக்கமாகத் திரும்பி நிற்பார்கள். அப்போது பாதையும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், வளைவு இன்னும் கூடும். நீ அதைச் செய்யாதே. முதலில் பிடியைப் பார். குனிந்து பார்க்கும்போது இடது கையில் குறைந்தது இரண்டு விரல் முட்டிகள் கண்ணில் பட வேண்டும். சில நாள் அசௌகரியமாக இருக்கும், விட்டுவிடாதே.

முன்னேறுவது என்றாலே நல்ல அடியை இன்னும் நல்லதாக்குவது என்று நினைக்கிறோம். நம் மாதிரி ஆட்களுக்கு மோசமான அடியின் சேதத்தைக் குறைப்பதுதான் முன்னேற்றம். ஆடுபவரின் திறமையை ஒரு எண்ணாகச் சொல்வதுதான் ஹேண்டிகேப். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8-ஐ எடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அது உன் நல்ல நாளைக் காட்டும். மீதி 12 அதில் சேராது, ஆனால் அதையும் நாம்தானே ஆடுகிறோம்? எனக்கு அந்த 12-இல்தான் அக்கறை. ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் கார்டில் டபுள் போகி, அதாவது ஒரு குழிக்குக் குறித்த அடிகளைவிட இரண்டு கூடுதல், விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரு வார்த்தை எழுதி வை. ஓபி (எல்லைக்கு வெளியே போனது), பங்கர் (மணல் பள்ளம்), மூணு பட் (குழியை நோக்கி மூன்று முறை உருட்டியது), இப்படி. பத்து கார்டு சேர்ந்தால் எந்த ஓட்டையில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். என் கார்டுகளில் திரும்பத் திரும்ப வருவது மூணு பட்.

பட்டிங்கில் ஒன்று தெரிந்துகொள். எட்டடியிலிருந்து அமெரிக்கப் போட்டித் தொடரில் (டூரில்) ஆடும் தொழில்முறைக்காரர்களே ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். நீ எட்டடியைத் தவறவிட்டதற்கு மனசு ஒடிய வேண்டியதில்லை. முப்பதடியிலிருந்து முதல் பட்டிலேயே பந்தைக் குழிக்கு மூன்றடிக்குள் கொண்டுவந்து நிறுத்து, அது போதும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து 43-ஐக்கூடத் தொடாது. இடம் தாராளமாக இருக்கிறது. தூரத்தில் இருந்து தவறுவது பெரும்பாலும் திசையால் இல்லை, வேகத்தால்தான். பழகும்போது குழியைப் பார்த்தே அடிக்காமல் புல்லில் ஒரு டீயை, பந்தைத் தாங்கும் அந்தச் சின்னக் குச்சியை, குத்தி வைத்து, அதன் பக்கத்தில் பந்து நிற்கிறதா என்று மட்டும் பார்.

அப்புறம் காற்று. இங்கே கோவையில் நம் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று உனக்குத் தெரியும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் 46 கிராம்கூட இல்லாத பந்து எம்மாத்திரம்! எல்லோரும் புல்லைக் கிள்ளி மேலே போட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பையைச் சுமந்து வரும் கேடி அதைப் பார்க்கவே மாட்டார். "கீழ காத்து பொய் சொல்லுங்க சார், அந்தத் தென்னமர உச்சியப் பாருங்க" என்பார். தென்னை மட்டை எல்லாம் ஒரே பக்கம் படிந்து கிடக்கும், இடுப்பு உயரத்தில் புல் சும்மா சுற்றிக்கொண்டு விழும். பந்து பறக்கப்போவது அந்த மட்டை உயரத்தில்தானே? எதிர்க்காற்றில் ஓங்கி அடித்தால் பந்தில் பின்சுழற்சி கூடி, மேலே ஏறி அங்கேயே நின்று விழுந்துவிடும். ஏழாம் நம்பர் ஐயன் (இரும்புத் தலை கிளப்) எடுக்கிற இடத்தில் இன்னும் தூரம் போகும் ஐந்தை எடுத்து நிதானமாக அடிக்க வேண்டும். கேடிகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். 2009-இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை ஜெயித்த முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்து வந்தவர்.

கனடாவில் நீ இருக்கும் கால்கரி கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, கோவை அதில் பாதிகூட இல்லை. மேலே காற்று லேசு, அதனால் பந்து அங்கே கொஞ்சம் கூடுதலாகவே போகும். நீ சொல்லும் தூரங்களை அப்படியே இங்கே எதிர்பார்க்காதே.

தூரம் என்றதும் நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்தான் ஞாபகம் வருகிறார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கடைசி ரவுண்டை நம் நாட்டில் எத்தனையோ பேர் விடிகாலையில் எழுந்து பார்த்தோம், கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட. அங்கே ஆடியவர்களில் டிரைவரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். பட் செய்யும் கிளப்பான பட்டரை வைத்தே உலகின் முதல் வரிசைக்காரர்களோடு கடைசிக் குழி வரை நின்றார். 15 அண்டர், அதாவது குறித்த அடிகளைவிட 15 குறைவு, நாலாவது இடம். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் பதக்கம் போனது. பையைச் சுமந்தவர் அவருடைய அம்மா. அன்று டிவி முன்னால் நான் அழுதேன், உன் அம்மாவும்தான்.

இனி அங்கே பனி விழ ஆரம்பித்தால் கோர்ஸை மூடிவிடுவார்கள். கட்டடத்துக்குள் திரையைப் பார்த்து அடிக்கும் சிமுலேட்டரில் ஆடு, ஆனால் ஒரே கிளப்பை வைத்துக்கொண்டு ஐம்பது பந்து அடிக்காதே. மைதானத்தில் ஒரே அடி இரண்டு முறை வராது. ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்று, இலக்கை மாற்று. வீட்டில் கார்ப்பெட்டில் தினமும் கொஞ்ச நேரம் பட் பண்ணு.

டிரைவருக்கு எடுத்து வைத்த பணத்தில் நாலைந்து வகுப்புக்குப் போ. ஆசிரியர் ஒருவரே இருக்கட்டும். யூடியூபில் ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்டால் உள்ளதும் போய்விடும்.

பங்குனியில் வருகிறாய் என்றால் இப்போதே சொல், காலை ஆறரை மணிக்கு ஆட்டம் தொடங்க டீ டைம் போட்டு வைக்கிறேன். அதற்குப் பிறகு வெயில் தாங்காது. கிளப்பைச் சுமந்துகொண்டு வர வேண்டாம், என்னுடைய பழைய செட்டை உன் உயரத்துக்கு வெட்டி, கிரிப் மாற்றி வைக்கிறேன். கையுறை அளவு மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா