அந்த நாற்காலியை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

எங்கள் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை ‘பி’ பிளாக்கில், இரண்டாம் மாடியில் படி திரும்பும் இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஆள் அனுப்பி எடுத்துவிட்டீர்கள். இப்போது அந்தச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘பொதுவழியில் பொருட்கள் வைக்கக் கூடாது. நிர்வாகக் குழுத் தீர்மானம்.’

அந்த நாற்காலி ஏன் அங்கே வந்தது என்று உங்களில் யாராவது விசாரித்தீர்களா?

லிஃப்ட் வேலை நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறு வாரம் என்றீர்கள், இது பதினோராவது வாரம். பழைய லிஃப்டை மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நாங்கள் இருப்பது நான்காம் மாடி. ஒரு மாடிக்குப் பதினெட்டு என்று மொத்தம் 72 படிகள். என் அப்பாவுக்கு 76 வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு வரும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். போகும்போது மெதுவாக இறங்கிவிடுவார். திரும்பி ஏறுவதுதான் பாடு. ஆறு படி ஏறுவார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அப்புறம் ஆறு படி. இதைப் பார்த்துப் பொறுக்காமல் மூன்றாம் மாடி அக்கா தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து பாதி வழியில் போட்டார். அதில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மீதி 36 படிகளை அப்பாவால் ஏற முடிந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தபோது நாற்காலி இல்லை. அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். அன்று இரவு அப்பா என்னிடம், “அடுத்த தடவை போகாமல் இருந்துவிடலாமா?” என்று கேட்டார். டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

தீ விபத்து நேர்ந்தால் படிக்கட்டு வழி அடைபடக் கூடாது என்பது உங்கள் காரணம். அது நியாயமான விதி, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே பிளாக்கின் தரைத்தளத்தில் ஒரு வீடு நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. லிஃப்ட் வேலை முடியும்வரை மேல்மாடியில் ஏற முடியாதவர்களை அங்கே தங்க வைத்திருக்கலாம். அதைச் சொல்ல எங்களுக்கு ஓர் இடம் இருந்திருந்தால், நாற்காலிக்கே அவசியம் வந்திருக்காது.

அந்த இடம்தான் எங்களுக்கு இல்லை. லிஃப்ட் வேலையை முடிவு செய்த பொதுக்கூட்டத்தில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு வந்திருந்த பதினேழு பேரைக் கொண்டே தீர்மானம் போட்டீர்கள். விதி அதற்கு இடம் தருகிறது, சரி. அந்தப் பதினேழு பேர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் வந்தவர்கள் கீழ்த்தளங்களை எடுத்துக்கொண்டார்கள், உறுப்பினராகவும் ஆனார்கள். பின்னால் வந்த நாங்கள் மேல்மாடிகளில் இருக்கிறோம். வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கிறது, உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இல்லை. அன்று கூடியவர்கள் கெட்ட எண்ணத்தோடு முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. படி ஏறத் தேவையில்லாதவர்கள் மட்டும் கூடிப் படிக்கட்டைப் பற்றி முடிவெடுத்தார்கள் என்கிறேன்.

நான் உறுப்பினராக விண்ணப்பித்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. பதினெட்டு வயது நிரம்பிய எந்த வாடகைதாரரும் உறுப்பினராகலாம் என்று நம் துணைவிதியே சொல்கிறது. மூன்று முறை நினைவூட்டல் கொடுத்தேன். மூன்று முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில். மறுத்தால் காரணத்தோடு மறுத்திருக்க வேண்டும், மேல்முறையீடாவது செய்திருப்பேன். இப்படி இரண்டும் இல்லாமல் வைத்திருப்பதை என்னவென்று சொல்வது? என்னைப் போல இந்த பிளாக்கில் மட்டும் இன்னும் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். எங்கள் விண்ணப்பங்களை முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

‘வாடகைக்கு இருப்பவர்கள் இன்று இருப்பார்கள், நாளை போய்விடுவார்கள்’ என்று ஒரு குழு உறுப்பினர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சங்கத்தின் கட்டடங்கள் சங்கத்துக்குச் சொந்தம், இங்கே எல்லாருமே வாடகைதாரர்கள்தாம். லிஃப்டுக்குக் கொடுக்கும் பணமும் எங்கள் வாடகையிலிருந்து போகிறது.

கூட்டுறவின் அடிப்படையே வேறு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து கடை தொடங்கியபோது, பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான் என்று வைத்தார்கள். 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு வகுத்த ஏழு கொள்கைகளில் முதலாவது, எல்லாருக்கும் திறந்த உறுப்பினர் உரிமை. அதற்கு அடுத்ததுதான் உறுப்பினர்களின் ஜனநாயகக் கட்டுப்பாடு. முதல் கதவைச் சாத்திவிட்டால் இரண்டாவதற்கு அர்த்தம் ஏது?

தீ என்று நீங்கள் சொன்னதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் தீ பாதுகாப்பு பற்றிப் பல காலமாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கட்டடத்தை நிர்வகித்த அமைப்பின் பெயரிலேயே ‘வாடகைதாரர்’ என்ற சொல் இருந்தது. பிறகு நடந்த விசாரணை, அந்த அமைப்புக்கும் குடியிருந்தவர்களுக்கும் இடையில் நம்பிக்கை அற்றுப்போயிருந்ததை விரிவாகப் பதிவு செய்தது. நம்முடையதை அதோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் எந்தக் கதவு திறக்காது, எந்த விளக்கு எரியாது என்பது அங்கே தினமும் நடப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவரைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுத எழுத இன்னும் பல வருகிறது. கூட்டக் குறிப்பு மூன்று வாரம் கழித்துத்தான் பலகைக்கு வருகிறது. வேலைக்குப் போகிறவர்கள் வரவே முடியாத நேரத்தில் கூட்டம் வைக்கிறீர்கள். தேர்தலில் போட்டியிட ஆளில்லை என்று ஐந்தாவது முறையாக அதே பெயர்கள் வருகின்றன. ஆள் வரவில்லை என்று வருத்தப்படும் நீங்களே வர நிற்கிறவர்களை உள்ளே விடாமல் வைத்திருக்கிறீர்கள். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் எதுவும் வாங்காமல் நீங்கள் செய்யும் வேலை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மொட்டை மாடி ஒழுகியபோது செயலாளர் இரவெல்லாம் கூட நின்றதை நான் மறக்கவில்லை.

ஆகவே தாழ்மையோடு கேட்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் எங்கள் பத்து விண்ணப்பங்களையும் குழுவில் வைத்து முடிவு செய்யுங்கள். ஏற்றால் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். லிஃப்ட் ஓடும்வரை தரைத்தள வீட்டின் சாவியை இந்த வாரமே தந்து உதவுங்கள். வியாழக்கிழமை அப்பாவுக்கு மறுபடி டயாலிசிஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
‘பி’ பிளாக் நான்காம் மாடி வாடகைதாரர்