தலைமையாசிரியர் கடிதம்: தவணை நிறைவும் இசைக்குழுப் பயிற்சி ஒலிப்பதிவும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இத்தவணை நல்லபடியாக நிறைவுறுகிறது. விளையாட்டுப் போட்டி, வாசிப்பு வாரம், திருக்குறள் மனனப் போட்டி ஆகியவற்றில் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப் பணியும் சிறப்பாக நடந்தேறியது. அனைவருக்கும் பாராட்டுகள்.

இசைக்குழுவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. புதன்கிழமைப் பயிற்சிகளை ஒலிப்பதிவு செய்து, மறுவாரம் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டும் வழக்கம் நல்ல பலன் தந்திருக்கிறது. தேசிய கீதமான நெகாராகூ பயிற்சியின் பதிவைக் கேட்ட கிளாரினெட் வரிசைப் பிள்ளைகள், தாங்கள் முரசை முந்திக்கொண்டு போவதைத் தாங்களே கண்டுபிடித்து, யாரும் சொல்லாமலேயே அடுத்த முறை திருத்திக்கொண்டார்கள்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வாங்கித் தர வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆசிரியரின் பழைய கைப்பேசியே போதுமானதாக இருக்கிறது. அழைப்புகள் குறுக்கிடாதபடி அதை விமானப் பயன்முறையில் வைத்து, முன்வரிசையிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் தள்ளி, பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே இருக்குமாறு இசைத்தாள் தாங்கியில் நிறுத்துகிறோம். மிக அருகில் வைத்தால் ஸ்னேர் டிரம் எனும் சிறு முரசை அடிக்கும்போது பதிவு கரகரத்து, மற்றக் கருவிகள் அமுங்கிப்போகின்றன. மேசைமேல் வைத்தபோது பேஸ் டிரம் எனும் பெரிய முரசின் அதிர்வு மேசை வழியாகவே பதிவில் ஏறியது. அடியில் ஒரு துண்டை மடித்து வைத்ததும் தணிந்தது. மிக உரத்த பகுதியை அரை நிமிடம் வாசிக்கச் செய்து, கேட்டுப் பார்த்த பிறகே முழுப் பதிவைத் தொடங்குகிறோம். தகரக் கூரையில் மழை கொட்டும் மாலைகளில் மட்டும் எதுவும் கைகொடுப்பதில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. அண்மை வாரங்களில் பெற்றோர்கள் சிலர் பயிற்சியின்போது மண்டபத்துக்குள் வந்து, பயிற்றுநருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நின்று காணொளி எடுக்கிறீர்கள். உங்கள் பெருமிதம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும், பயிற்றுநரின் கை தெரியாமல் பின்வரிசை தடுமாறுகிறது. அருகில் நின்று பேசும் குரல்களே எங்கள் பதிவில் முன்னால் கேட்கின்றன. இதைவிட வருத்தமான ஒன்றும் நடந்தது. நான்காம் ஆண்டு மாணவி ஒருவர் கைதவறிக் குச்சியைக் கீழே போட்ட காட்சி, சிரிப்புக் குறிகளோடு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிரப்பட்டது. அதன்பின் இரண்டு வாரம் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை.

இதை இனி அனுமதிக்க இயலாது. அடுத்த தவணை முதல் பயிற்சி நேரத்தில் மண்டபத்தினுள் படமோ காணொளியோ எடுக்கக் கூடாது. பதிவு செய்வதற்கென்று பிள்ளைகளிடம் கைப்பேசி கொடுத்தனுப்பவும் வேண்டாம். அந்தக் காணொளியை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கும் பதிவு வேண்டும் என்பதை நாங்கள் மறக்கவில்லை. சீராக அமைந்த ஒலிப்பதிவு ஒன்றைத் தவணை இறுதியில் இசைக்குழுப் பெற்றோர்கள் அனைவருக்கும் அனுப்பிவைப்போம். கடைசி வாரப் பயிற்சியை நீங்கள் வந்து பார்க்கலாம்; அன்று உங்கள் பிள்ளையை மனநிறைவோடு படம் எடுத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த களைப்போடு பினாங்குப் பாலத்து நெரிசலையும் தாண்டி வந்து, பயிற்சி முடியும்வரை வாசலில் காத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்