பாலிக்குப் போனால் வாய்க்கால் கரையில் நடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் பாலிக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்கள் சிங்கப்பூரில் நம்மிடையே நிறைய. சமூக மன்றம், கோயில் வழியாகச் செல்லும் மூத்தோர் குழுக்களும் உண்டு. எல்லாருடைய பயணத் திட்டத்திலும் ‘படிவயல்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி நடைமுறையில் என்னவாகிறது? தெகலாலாங் என்ற படிவயல் ஊரில் உச்சி வெயிலில் வண்டி நிற்கிறது. ஊஞ்சலில் ஒரு படம், வயலைப் பின்னால் வைத்து ஒரு படம், ஓர் இளநீர், முக்கால் மணி நேரத்தில் அடுத்த இடம். செங்குத்தான படிகளைப் பார்த்ததும் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வரப்பும் மடையும் இன்னதென்று அறிந்த தலைமுறை அவர்கள்தான். வயலுக்கு அவ்வளவு பக்கத்தில் போயும் அவர்கள் இறங்காமல் திரும்புவது மனத்தை உறுத்துகிறது.

இதற்கு எளிய மாற்று உண்டு. படிவயலில் மேலும் கீழும் ஏறி இறங்காமல், பாசன வாய்க்காலின் கரையோடு நடக்க வேண்டும். வாய்க்காலைச் செங்குத்தாக விட்டால் தண்ணீர் கரையை அரித்துவிடும். அதனால் மலையின் இடுப்பைச் சுற்றி, கண்ணுக்கே தெரியாத சரிவில்தான் அதை வெட்டியிருப்பார்கள். தண்ணீருக்கு இதமான அந்தச் சரிவு முழங்காலுக்கும் இதமானது. ஊரின் வயல் வாழ்க்கை முழுவதும் அந்தக் கரையோரம்தான் நடக்கிறது.

இதற்கு ஏற்ற இடம் ஜாத்திலுவி. தபானான் மாவட்டத்தில், 2,276 மீட்டர் உயரமுள்ள பத்துகாரு மலையின் தெற்குச் சரிவில், ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலியின் ‘சுபாக்’ பாசன முறையை யுனெஸ்கோ 2012ல் உலக மரபுடைமையாக அறிவித்தபோது அதில் இடம்பெற்ற நிலப்பரப்புகளுள் இதுவும் ஒன்று. விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரம் ஆகும். நெரிசல் இருந்தால் கூடும். வயல்களுக்கு நடுவே நிறம் குறித்த நடைபாதைகள் உள்ளன. ஒரு மணி நேரத்தில் முடிவதும் உண்டு, அரை நாள் பிடிப்பதும் உண்டு. பெரியவர்களும் சிறுவர்களும் உள்ள குழுவுக்கு மூன்று கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் போதும்.

சுபாக் என்பது ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் பெறும் விவசாயிகளின் சங்கம். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே சுபாக்கைக் குறிக்கும் ‘கசுவாக்கான்’ என்ற சொல் வருகிறது. தலைவரைப் ‘பெக்கசே’ என்பார்கள். தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில், வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி பார்த்த வேலையோடு, முறை வகுப்பது, சண்டை தீர்ப்பது, வயல் பூசைக்கு நாள் குறிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 35 நாளுக்கு ஒருமுறை கூடும் சுபாக்குகள் உண்டு. கூட்டத்துக்கு வராதவருக்கும் கரை வேலைக்கு ஆள் அனுப்பாதவருக்கும் அபராதம்.

நடக்கும்போது வழிகாட்டியை நிறுத்தச் சொல்லிப் பார்க்க வேண்டிய ஒன்று, தெம்புக்கு எனப்படும் பங்கு மடை. பார்வைக்கு ஒன்றுமில்லை: வாய்க்காலுக்குக் குறுக்கே கிடத்திய ஒரு மரக்கட்டை, அதில் செதுக்கிய சில பள்ளங்கள். இப்போது பல இடங்களில் சிமெண்டிலும் கட்டியிருக்கிறார்கள். கட்டை துல்லியமாகச் சமமட்டத்தில் கிடக்கும். பள்ளங்களின் ஆழமும் ஒன்றே. அகலம் மட்டும் வேறுபடும். ஆழம் ஒன்றாக இருப்பதால் அகலத்துக்கு ஏற்றபடி தண்ணீர் பிரியும். நான்கு விரல் அகலப் பள்ளத்தில் இரண்டு விரல் பள்ளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஓடும். வெள்ளம் வந்தாலும் வறண்டாலும் பங்கின் விகிதம் மாறாது என்பதுதான் இதன் அழகு. மீட்டரும் இல்லை, பூட்டும் இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதைப் போகிற வருகிற எவரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கட்டைமேல் கால் வைத்துத் தாண்டுவதுதான் சுற்றுப்பயணிகள் அறியாமல் செய்யும் பெரிய பிழை. கட்டை ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தாலோ, காலணியிலிருந்து உதிர்ந்த மண்ணோ தூக்கியெறிந்த போத்தலோ ஒரு பள்ளத்தில் சிக்கினாலோ, கீழே உள்ள வயல்கள் அனைத்துக்கும் பங்கு தவறும். மேலே யாராவது வந்து பார்க்கும்வரை, வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர் தண்ணீரின்றிக் காத்திருப்பார். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாய்க்காலைத் தாண்டப் பலகையோ கல்லோ போட்ட இடம் சற்றுத் தள்ளி இருக்கும்.

வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ள தலைமடைக்காரர் எதற்காகக் கடைமடைக்குத் தண்ணீர் விட வேண்டும்? காவிரிப் படுகையை அறிந்த எவரும் கேட்கும் கேள்வி இது. பாலியில் இதற்கான பதில் பூச்சியில் இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் எல்லாரும் ஒன்றாக நட்டு, ஒன்றாக அறுத்து, ஒன்றாக வயலைத் தரிசாக விட்டால், எலிக்கும், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சிக்கும் தின்ன ஒன்றும் கிடைக்காது, பெருக்கம் அடங்கும். கடைமடையில் மட்டும் நடவு பிந்தினால் பூச்சி அங்கே பிழைத்திருந்து, அடுத்த போகத்தில் தலைமடைக்கு வந்துவிடும். ஆகவே தண்ணீரைப் பங்கிடுவது மேலே இருப்பவருக்கும் ஆதாயம். எப்போது நடுவது, எப்போது நிறுத்துவது என்பதை நீர்க் கோயில்களின் பூசை நாட்காட்டி இசைவாக்கி வந்தது. 1970களில் பசுமைப் புரட்சி வேகத்தில், புதுக் குட்டை ரகங்களை முடிந்த மட்டும் அடிக்கடி நடச் சொன்னார்கள். ஒழுங்கு குலைந்தது. புகையான் பெருகி விளைச்சலைத் தின்றது. கோயில் அட்டவணையின் பயனைக் கணினியில் உருவாக்கிய மாதிரி ஒன்றைக் கொண்டு விளக்கியவர் அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங். பின்னாளில் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவர் பணியாற்றினார்.

பருவம் பார்த்துப் போங்கள். உள்ளூர்ச் சிவப்பு நெல்லைப் பொதுவாக ஆண்டுத் தொடக்கத்தில் நட்டு ஜூன், ஜூலை வாக்கில் அறுப்பார்கள். ஆளின் மார்பளவு வளரும் ரகம் அது. ஜூன் விடுமுறையில் போனால் கதிர் முற்றிய வயலையோ அறுவடையையோ பார்க்கலாம். மழையும் குறைவு. டிசம்பரில் மழை, கரை வழுக்கும், பிற்பகலில் மலை மேகத்தில் மறையும். மார்ச் விடுமுறையில் போவோர் ‘ஞெப்பி’ எந்த நாள் என்று பார்த்துவிட்டுத்தான் விமானச்சீட்டு வாங்க வேண்டும். பாலி இந்துக்களின் சக ஆண்டுக் கணக்கில் புத்தாண்டான அந்த நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும். விடுதியை விட்டு வெளியே வரவும் முடியாது.

அறுவடை நேரம் வாய்த்தால் உள்ளங்கையில் கவனம் வையுங்கள். சிவப்பு நெல்லை அறுக்க அரிவாள் எடுக்கமாட்டார்கள். ‘அனி-அனி’ என்ற சிறு கத்தி, விரல்களுக்குள் மறைந்திருக்கும். கதிரை ஒவ்வொன்றாகக் காம்போடு கொய்து, கைப்பிடிக் கட்டாகச் சேர்ப்பார்கள். நெல்லில் குடியிருக்கும் தேவி ஸ்ரீ கத்தியைக் கண்டு மிரளக்கூடாது என்பது நம்பிக்கை. இந்த ரகத்தின் மணி எளிதில் உதிராது என்பதால் கதிராகவே காயவைத்து, லும்புங் என்ற குதிரில் அடுக்க முடிகிறது. குட்டை ரகத்தின் மணி சட்டென்று உதிரும். அதனால் அரிவாளால் அறுத்து வயலிலேயே அடித்துவிடுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு முறையும் இருப்பதற்கு இதுதான் காரணம். பயிர் சூல் கொண்டதும் அதற்கென ஒரு படையல் உண்டு. தண்ணீர் திறக்கும் சடங்கின் பெயர் ‘மாப்பாக் தோயா’. ‘தோயா’ நம் இலக்கியத்தில் வரும் ‘தோயம்’தான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நடையை ஏழரை மணிக்குள் தொடங்குங்கள். நேரம் நம் நேரமேதான், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதிகாலை விமானத்தில் இறங்கி நேரே போனால் பத்து மணி வெயிலில்தான் நடக்க நேரும். முதல் நாள் இரவே தபானான் பக்கம் தங்குவது நல்லது. நாற்பது இருக்கைப் பேருந்து மலைச்சாலை வளைவுகளில் திணறும். இரண்டு சிறு வேன்கள் எடுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கரையில் ஒருவர்பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், ஒன்பதாவது ஆளுக்கு அவர் பேச்சு கேட்காது. மூத்தோர் இருந்தால் வரிசைக் கடைசியிலும் ஓர் ஆள் வரச் சொல்லுங்கள்.

காலில் பின்வார் உள்ள, அடிப்பாகம் ஆழமாக வெட்டிய செருப்போ காலணியோ போதும். சிலிப்பர் சேற்றில் கழன்றுவிடும். புத்தம் புதுக் காலணி கொப்புளம் போடும். இரண்டு வாரம் முன்னதாக உபின் தீவில் செம்மண் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். யாருக்குக் கைத்தடி வேண்டும், யாருக்கு ஒரு மணி நேரம் போதும் என்று அங்கேயே தெரிந்துவிடும். தடியின் நுனியில் ரப்பர் மூடி இருக்கட்டும்; கூர்முனை வரப்பில் ஓட்டை போடும். தலைக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் பையில் பிஸ்கட் வைத்திருக்க வேண்டும். கழிப்பறை தொடக்கத்திலும் முடிவிலும்தான் கிடைக்கும்.

புதிதாக அண்டை போட்டுச் சேறு பூசிய வரப்பில், வழிகாட்டி சொன்னாலும் கால் வைக்காதீர்கள். ஈரச் சேறு ஒரு மிதியில் உடையும். மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குக் கொட்டி, நட்ட நாற்று சாயும். எதிரே புல்லுக்கட்டுச் சுமந்து யாராவது வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும், அதுவும் வயலுக்குள் இறங்காமல், அகலமான இடம்வரை பின்வாங்கி. வயல் மூலையில், தண்ணீர் நுழையும் இடத்தில், தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டும் பூவும் இருக்கும். அது படையல், தாண்டக்கூடாது, சுற்றிப் போகலாம்.

வயலை ஒட்டிய குடியிருப்புக்குள் அழைத்துப் போகச் சொல்லுங்கள். பாலித் தெற்கில் வீட்டுக் கோயில் வளாகத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும். ஈசானி மூலையில் பூசையறை வைக்கும் நம் பெரியவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வீட்டாரைக் கேட்காமல் உள்ளே நுழைவது, சமையலறையைப் படமெடுப்பது வேண்டாம். கோயிலுக்குள் போக வேட்டி போன்ற சாரோங்கும் இடைக்கச்சும் கட்ட வேண்டும். தீட்டு உள்ளவர்கள் உள்ளே போகக்கூடாது. தெரு நாய்களைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. கடித்தால், கீறினால்கூட, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில் சைவர்கள் ஏமாறும் இடம் ‘சம்பால்’ என்ற மிளகாய்த் துவையல். காய்கறி உணவுதான் என்று தட்டில் வைப்பார்கள். சம்பாலிலும் அரைத்த மசாலாவிலும் ‘தெராசி’ என்ற இறால் விழுது இருக்கும். ‘தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராசி’ என்று மூன்றையும் சொல்ல வேண்டும்: இறைச்சி, மீன், இறால் விழுது வேண்டாம். ‘லாவார்’ என்ற பாலிக் கலவை உணவில் பச்சை ரத்தம் சேர்ப்பதுண்டு, தவிர்த்துவிடுங்கள். சிவப்பரிசியை வறுத்துப் போட்ட தேநீரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

செலவு விவரம்: வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 150,000 ரூப்பியா சுற்றுப்பயணிக் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 பிப்ரவரி 14 முதல் இது நடப்பில் உள்ளது, புறப்படும் முன்பே இணையத்தில் கட்டிவிடலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்துள்ள நிரந்தரவாசிகளுக்கு 500,000 ரூப்பியாவில் விசா எடுக்க வேண்டும். ஜாத்திலுவிக்கு நுழைவுக் கட்டணம் தனி. வழிகாட்டியை அந்த ஊர்க்காரராகவே கேளுங்கள். வயலில் வேலை செய்தவருக்குத்தான் எந்த வரப்பு இன்று தாங்கும் என்று தெரியும். அரிசியும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். நிலத்தை விற்காமல் உழுபவர் கைக்குக் காசு போகும் வழி அது.

உங்கள் பயணப் பக்கத்தில் பாலிக் குறிப்பு வெளியிடும்போதும், மன்றங்களிலும் கோயில்களிலும் குழுப் பயணம் ஏற்பாடு செய்யும்போதும், முகவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை அச்சிட வேண்டுகிறோம். எந்த சுபாக்கின் வயல்? அந்த மாதத்தில் அங்கே நடவா, கதிரா, தரிசா? வாய்க்கால் கரையில் எத்தனை மீட்டர், படிகள் எத்தனை? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத முகவரிடம் மூத்தோரை ஒப்படைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள், ஈசூன்