கயலுக்கு: போர்ட்லாண்ட் ஃபயர் ஏன் மூடியது

அன்புள்ள கயல்,

போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்குப் பேஷண்ட் வந்துவிடுகிறார், அதனால் எழுதிவிடுகிறேன், ராத்திரி நிதானமாகப் படி.

மறுபடி தொடங்கும் போர்ட்லாண்ட் ஃபயர் பெண்கள் பாஸ்கெட்பால் டீமில் உனக்குப் பிசியோ வேலை என்ற பேச்சு வந்ததும், "மூணு வருஷத்துல மூடின டீம்மா அது, அதை நம்பி மினியாபொலிஸை விட்டு வரலாமா" என்று கேட்டாய். வருவதா வேண்டாமா என்பது நீ எடுக்க வேண்டிய முடிவு, அதில் நானோ அப்பாவோ தலையிட மாட்டோம். ஆனால் கூடவே இன்னொன்று சொன்னாயே, "கூட்டமே வராமத்தானே மூடினாங்க" என்று, அதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. கூட்டம் வந்தது கயல். நாமே அந்தக் கூட்டத்தில்தான் இருந்தோம். 2000, 2001, 2002 என்று மூன்று கோடைகாலமும் சராசரியாக ஒரு மேட்சுக்கு எட்டாயிரம் பேருக்கு மேல் ரோஸ் கார்டன் அரங்கத்துக்கு வந்தார்கள். 2002இல் டபிள்யூஎன்பிஏ என்ற அமெரிக்கப் பெண்கள் பாஸ்கெட்பால் லீக்கின் சராசரி ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது, அதைவிட நாம் கொஞ்சம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டாயிரம் பேரைக் கூட்டமே இல்லை என்று யார் சொல்வார்கள்?

உனக்கு ஏன் அப்படி நினைவிருக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ரோஸ் கார்டன் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் உட்காரும் இடம், ஊரின் ஆண்கள் டீமான பிளேசர்ஸுக்காக 1995இல் கட்டியது. கீழே எட்டாயிரம் பேர் தொண்டை வற்றக் கத்தினாலும் நிமிர்ந்து பார்த்தால் மேல்தளம் முழுக்கக் காலி நாற்காலிதான் தெரியும். பத்து வயதுப் பெண்ணின் கண்ணில் அதுதான் படும். டிவி கேமராவின் கண்ணிலும் அதுதான் பட்டது. இதே கூட்டத்தை அதே வளாகத்தில் நிற்கும் பழைய மெமோரியல் கொலிசியத்தில் உட்கார வைத்திருந்தால் அரங்கம் இவ்வளவு காலியாகத் தெரிந்திருக்காது. பெண்கள் விளையாட்டுக்கு அரங்கத்தின் அளவு எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பது என் பல வருஷ ஆதங்கம்.

அப்படியென்றால் ஏன் மூடினார்கள்? அந்தக் காலத்தில் டபிள்யூஎன்பிஏ டீம்களுக்குத் தனித்தனி சொந்தக்காரர் கிடையாது. எல்லா டீமும் ஆண்கள் லீக்கான என்பிஏவின் கையில் இருந்தது, அந்தந்த ஊர் ஆண்கள் டீம் அதை நடத்திக்கொடுத்தது. நம் ஊரில் பிளேசர்ஸும் ரோஸ் கார்டனும் மைக்ரோசாஃப்டை ஆரம்பித்தவர்களில் ஒருவரான பால் ஆலனுடையவையாக இருந்தன. 2002 சீசன் முடிந்த கையோடு, இனி டீமை நடத்த விரும்புகிறவர்கள் விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று என்பிஏ கைகழுவியது. ஆலன் தரப்பு வேண்டாம் என்றது. அவ்வளவுதான், ஃபயர் போய்விட்டது. மயாமி சோலும் அதே சமயத்தில்தான் மூடியது. யூட்டா டீம் சான் அன்டோனியோவுக்கும், ஒர்லாண்டோ டீம் கனெக்டிகட்டுக்கும் போனது. அந்த கனெக்டிகட் டீமை ஒரு பழங்குடியினர் நடத்தும் காசினோ வாங்கியது, அது இத்தனை வருஷம் ஓடியும் காட்டியது. நம் அரங்கத்தின் கணக்கு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: ரோஸ் கார்டனை வைத்திருந்த ஆலனின் கம்பெனி 2004இல் திவால் மனு போட்டது. கட்டடத்துக்கே கடன் கட்ட முடியாதவர்கள் கோடைகாலப் பெண்கள் டீமை எதற்குத் தூக்கிச் சுமக்கப்போகிறார்கள்?

ஜெயித்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் வருஷம் 10 வெற்றி, அடுத்த வருஷம் 11, மூன்றாவது வருஷம் 16 வெற்றி 16 தோல்வி. அந்த 2002இல் சியாட்டில் 17 ஜெயித்து பிளேஆஃப் சுற்றுக்குப் போனது, நாம் ஒரே ஒரு மேட்சில் வெளியே நின்றோம். டீம் வளர்ந்துகொண்டிருந்தபோதுதான் வேரோடு பிடுங்கினார்கள். ஜெயிப்பது காப்பாற்றும் என்றால் ஹூஸ்டன் காமெட்ஸ் இன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்ப்சன் என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு 1997இல் இருந்து 2000 வரை நான்கு வருஷமும் கோப்பை வாங்கிய டீம் அது. 2008இல் வாங்க ஆள் இல்லாமல் அதையும் மூடினார்கள்.

உனக்கு ஃபயர் என்றால் ஜாக்கி ஸ்டைல்ஸ்தான் என்று தெரியும். கான்சாஸ் மாநிலத்தில் கிளாஃப்லின் என்ற குட்டி ஊரில் வளர்ந்து, ஸ்கூல் படிக்கும்போதே தினம் ஆயிரம் பந்து கூடைக்குள் விழுந்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன் என்று பயிற்சி செய்த பெண். போட்டது ஆயிரம் இல்லை, விழுந்தது ஆயிரம். 2001இல், புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், நான்காவது ஆளாக நம் டீமுக்கு வந்தார், அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற பரிசும் வாங்கினார். தன்னை மறிக்கும் பெண்ணை ஒரு ஸ்க்ரீனில், அதாவது வழியை மறைத்து நிற்கும் தன் டீம் பெண் மேல், மோதவிட்டு, வளைந்து வெளியே வந்து, பந்து கைக்கு வந்த அடுத்த நொடியே அது காற்றில் இருக்கும். நீ ஹாலில் சோபாவைச் சுற்றி ஓடி, சுருட்டிய சாக்ஸை வைத்து அதையே செய்து காட்டுவாய். அப்புறம் தோள்பட்டை, கணுக்கால், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் போனது. பத்துக்கு மேல் அறுவை சிகிச்சை. ஃபயர் கலைந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் டீம் அவரை எடுத்துக்கொண்டது, ஆனால் அதன் பிறகு அவரால் இந்த லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆட முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்து நீ பிசியோவாகி, ஆட்டக்காரர்களின் தோளையும் முட்டியையும் பிடித்துச் சரிசெய்கிறாய் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வரும். அந்த நாளில் டீம்கள் சாதாரண விமானத்தில் நம்மோடு நம்மாக நெருக்கி உட்கார்ந்து பறந்தன. லீக் முழுவதற்கும் தனி விமானம் என்பது 2024இல்தான் வந்தது. வலியோடு ஆடுகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஃபயருக்கு முன்னால் இன்னொரு டீம் இருந்தது, அப்போது உனக்கு ஏழு வயது. போர்ட்லாண்ட் பவர். ஏபிஎல் என்று ஒரு பெண்கள் பாஸ்கெட்பால் லீக், 1996 அக்டோபரில் ஆரம்பித்தது, அதாவது டபிள்யூஎன்பிஏ வருவதற்கு முந்தைய வருஷமே. அதன் அலுவலகம் பாலோ ஆல்டோவில் இருந்தது. சம்பளம் சராசரியாக வருஷத்துக்கு 70,000 டாலர் அளவில், வருஷம் முழுக்க மருத்துவக் காப்பீடு, லீக்கிலேயே ஆட்டக்காரர்களுக்குப் பங்கு. குளிர்காலத்தில்தான் பாஸ்கெட்பால் ஆட வேண்டும், ஆண்களுக்கு அரங்கம் தேவைப்படாத கோடையில் இல்லை என்று பிடிவாதமாக நின்றார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் மிகவும் பிடித்திருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. டிவியெல்லாம் என்பிஏ பக்கம் போய்விட்டது. 1998 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், சீசன் நடுவில் காசு தீர்ந்து மொத்த லீக்கையும் நிறுத்தினார்கள். அந்த வருஷ ஆரம்பத்தில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு வாங்கிய நடாலி வில்லியம்ஸ் நம் பவர் டீம்தான்.

பவர் ஆடியது மெமோரியல் கொலிசியத்தில். அப்போதுதான் நம் பக்கம் மேக்ஸ் ரயில் புதிதாக வந்திருந்தது. ஒரெங்கோவில் ஏறினால் வாஷிங்டன் பார்க் சுரங்கத்தில் காது அடைக்கும், நீ வாயைத் திறந்து திறந்து மூடுவாய், அப்புறம் ஸ்டீல் பிரிட்ஜில் ஆற்றைக் கடந்ததும் இறங்க வேண்டியதுதான். 1960இல் திறந்த கட்டடம். வெளியே நாலு பக்கமும் கண்ணாடிப் பெட்டி, உள்ளே தனியாக ஒரு கான்கிரீட் கிண்ணம், கூரையைத் தாங்குவது நாலே நாலு தூண். இடைவேளையில் வெளி வராந்தாவுக்கு வந்தால் டவுன்டவுன் விளக்கு மொத்தமும் கண்ணாடி வழியே தெரியும். அதைக் கட்ட ஆல்பினா பகுதியில் நானூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இடித்தார்கள், அதில் கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். அந்த அரங்கத்தை எவ்வளவு ரசித்தாலும் அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. 2009இல் பேஸ்பால் மைதானத்துக்காகக் கொலிசியத்தையே இடிக்கப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். கட்டடத்துக்காக எழுந்து நின்ற ஊர், 2002இல் ஒரு டீமுக்காக ஏன் அப்படி எழவில்லை என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

உன் அம்மா ஏன் இதை இவ்வளவு மனசில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைக்கலாம். நான் கோயம்புத்தூரில் காலேஜ் டீமில் ஆடியவள், உனக்குத் தெரியும். எங்களில் நன்றாக ஆடுகிற பெண்களுக்கு இருந்த ஒரே கனவு ரயில்வே. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, பகலில் ஆபீஸ், காலையும் சாயங்காலமும் பிராக்டிஸ். எனக்கு சீனியராக இருந்த ஓர் அக்காவுக்குச் சதர்ன் ரயில்வேயில் கிடைத்தது, அவர் வீட்டில் கல்யாணம் மாதிரி கொண்டாடினார்கள். இன்றைக்கும் நம் நாட்டில் பெண்கள் பாஸ்கெட்பாலைத் தாங்கிப் பிடிப்பது ரயில்வேதான், அதை நான் குறைவாகவே நினைக்கவில்லை. ஆனால் அங்கே ஆட்டம் என்பது வேலைக்கு வழி. இங்கே வந்த பிறகுதான் ஆட்டமே வேலையாக இருக்கிற பெண்களைக் கண்ணால் பார்த்தேன். டல்லி பெவிலாக்வா என்ற ஆஸ்திரேலியப் பெண், மூன்று வருஷமும் ஃபயரில் இருந்தவர், கோட்டுக்கு வெளியே போகிற பந்துக்குக்கூடத் தரையில் பாய்வார். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுவார். இதுதான் அவருடைய வேலை, இதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று உன்னிடம் சொல்ல முடிந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் போர்ட்லாண்டுக்கு மறுபடி டீம் என்று அறிவித்தார்கள், 2025 ஜூலையில் பெயரும் வந்தது: அதே ஃபயர். 2026இல் இருந்து ஆட்டம் மோடா சென்டரில், பழைய ரோஸ் கார்டனுக்கு இப்போது அந்தப் பெயர். வாங்கியவர்கள் ராஜ் ஸ்போர்ட்ஸ், லிசா பத்தால் மெராஜும் அவர் சகோதரர் அலெக்ஸ் பத்தாலும், இந்திய வம்சாவளிக் குடும்பம், அப்பா பெயர் ராஜ். பெண்கள் கால்பந்து டீமான தோர்ன்ஸும் அவர்களுடையதுதான். இந்த டீமுக்கு மட்டும் கொடுத்த விலை 125 மில்லியன் டாலர். அடுத்து கிளீவ்லாண்ட், டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா ஆளுக்கு 250 மில்லியன் தருகின்றன. அதில் கிளீவ்லாண்டும் டெட்ராய்டும் முன்பு டீம் வைத்திருந்து இழந்த ஊர்கள். 2026இல் இருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 200 மில்லியன் டாலருக்கு டிவி ஒப்பந்தம். கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்ற புது டீம் முதல் வருஷமே சொந்த ஊர் மேட்ச் அத்தனையிலும் 18,064 இருக்கையை நிரப்பியது. அன்றைக்கு டீமை இலவசமாக வைத்துக்கொள்ளச் சொன்னாலும் யோசித்த மாதிரி நின்றார்கள், இன்றைக்கு வரிசையில் நிற்கிறார்கள். இவ்வளவு காசைக் கொட்டியவர் மூன்றாம் வருஷம் தூக்கிப்போட்டுவிட்டுப் போக மாட்டார். எனக்குப் பெரிய தைரியம் அதுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. இத்தனை பணம் புரண்டும் 2025இல்கூட ஆட்டக்காரர்களின் பங்கு குறைவாகத்தான் இருந்தது, 2025 ஆல்ஸ்டார் மேட்சில் எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று டீஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்களே, அவர்கள் பக்கம்தான் நான். அப்புறம் 2024 மார்ச்சில் இதே மோடா சென்டரில் கல்லூரிப் பெண்கள் போட்டியில் நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஐந்து மேட்ச், ஒரு பக்கத்து த்ரீ பாயிண்ட் கோடு கூடைக்குச் சுமார் ஒன்பது அங்குலம் கிட்டே போட்டிருந்தது. நான்கு மேட்ச் முடியும்வரை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது, சரி இப்படியே ஆடிக்கொள்ளுங்கள் என்று ஐந்தாவதையும் அதே தரையில் ஆடவிட்டார்கள். ஆண்கள் போட்டியில் இப்படி நடந்திருக்குமா என்று அன்று முழுக்க அப்பாவைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். 2030இல் கல்லூரிப் பெண்கள் இறுதிச்சுற்று இங்கே வருகிறது, அதற்குள்ளாவது ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு போகட்டும்.

உன் வேலை விஷயம். பயிற்சி மையம் நம் ஹில்ஸ்பரோவில், தோர்ன்ஸும் ஃபயரும் சேர்ந்து பயன்படுத்துவது. அதனால் இன்டர்வியூவில் இதையெல்லாம் கேள்: பிசியோக்கள் இரண்டு டீமுக்கும் பொதுவா, தனித்தனியா? ஒப்பந்தம் வருஷாவருஷமா, சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று வருஷமா? சீசன் இல்லாத மாதங்களில் சம்பளமும் காப்பீடும் உண்டா? ஆட்டக்காரரை உட்கார வைக்க வேண்டும் என்று நீ சொன்னால் கடைசி வார்த்தை உன்னுடையதா, கோச்சுடையதா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதே. அங்கே மினியாபொலிஸின் லிங்க்ஸ் டீமில் உனக்குப் பழக்கமானவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் விசாரி.

சீசன் டிக்கெட்டுக்கு நானும் அப்பாவும் முன்பணம் கட்டிவிட்டோம். நீ வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் போகத்தான் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பா அந்த 2002 கணக்கை உன்னிடம் மறுபடி ஆரம்பிப்பார், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

அன்புடன்,
அம்மா